ஆன்டிபயாடிக் மாத்திரை: நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள ஊர்களில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். முதலில் தனியார் மெடிக்கல் கடைகளில் வேலை பார்த்தேன், இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். விசைப்படகுக்காரர், கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா, இறால் பண்ணை மேனேஜர், பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் ஆச்சி என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து மருந்து எழுதுகிற டாக்டருக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் தெரிந்துகொள்ள வேண்டியவை மட்டும்தான் இதில் உண்டு.

"டோலோவும் ஆன்டிபயாடிக்தானே? எது எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

டோலோ ஆன்டிபயாடிக் இல்லை. அது பாராசிட்டமால். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா என்ற வகைக் கிருமியைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்துதான் ஆன்டிபயாடிக். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எல்லாம் அந்த வகை. கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். இந்த மருந்துப் பெயர் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் 'செட்' மாத்திரை. "காய்ச்சலுக்கு ரெண்டு செட் குடுங்க" என்று கேட்பார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, கூடவே ஒரு கேப்சூல் என்று வெட்டி, காகிதத்தில் மடித்துக் கையில் வந்துவிடும். அந்தக் கேப்சூல் பல நேரம் ஆன்டிபயாடிக்தான். அட்டையை விட்டு வெளியே வந்தபிறகு அதற்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அடுத்து ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன சாப்பிட்டோம் என்று சொல்லக்கூட முடியாது. வெட்டிக் கொடுத்தாலும் பெயர் தெரிகிற மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள்.

"சளிக் காய்ச்சலுக்குப் போட்டேன், மூணே நாள்ல சரியாச்சு. அப்ப மருந்து வேலை செஞ்சிருக்குல்ல?"

அந்தச் சளி மருந்து போடாமலே சரியாகியிருக்கும். சளி, ஃப்ளூ, டெங்கு, சின்னம்மை, பெரும்பாலான தொண்டைக் கரகரப்பு எல்லாம் வைரஸால் வருபவை. பாக்டீரியாவின் சுவரைத் தாக்குவது, அது புரதம் செய்யும் வழியை அடைப்பது என்று ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது. வைரஸுக்கு அந்தச் சுவரும் கிடையாது, அந்த எந்திரமும் கிடையாது. பூட்டே இல்லாத கதவில் சாவியைத் திருப்புகிற வேலை அது.

சும்மா போட்டது வீணாகப் போனதோடு முடிவதும் இல்லை. குடலிலும் தோலிலும் நமக்கு நல்லது செய்துகொண்டிருக்கும் பாக்டீரியா செத்துப்போகும், அதனால்தான் பலருக்கு அந்த மாத்திரையோடு வயிற்றுப்போக்கும் வருகிறது. செத்தவை போக மிஞ்சுகிறவை அந்த மருந்தைத் தாங்கத் தெரிந்தவை. இடம் காலியானதும் அவைதான் பெருகும். இதற்கு மேல் அடுத்த பதிலில்.

"மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சுன்னா எனக்குத்தானே நட்டம்? ஊருக்கு என்ன?"

பழகுவது உங்கள் உடம்பு இல்லை, கிருமிதான். நம்மில் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கைக்கூடத் தொடாத ஒருவருக்கும், மருந்துக்கு அசையாத கிருமி பக்கத்து வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தோ வந்து ஒட்டலாம். அதோடு பாக்டீரியாக்கள் மருந்தைத் தோற்கடிக்கும் வித்தையைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும், வேறு இனத்துப் பாக்டீரியாவுக்குக்கூடக் கொடுக்கும்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஊருணி என்றால் விளக்க வேண்டியதில்லை. குடிக்கிற ஊருணியில் கால் கழுவக் கூடாது என்று யாரும் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருவர் இறங்கினால் மொத்த ஊரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கும் அப்படிப் பொதுவில் இருக்கிற ஒன்று.

டைபாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் குளோராம்பெனிகால் கொடுத்தால் இறங்கும். கிருமி அதைத் தாண்டியது. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமியிடம் அதுவும் முன்போல் எடுபடுவதில்லை. இப்போது கையில் மிஞ்சியிருப்பவை செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அசித்ரோமைசின் மாத்திரை போன்ற சில. அந்த அசித்ரோமைசினைத்தான் நாம் இருமலுக்கு 'மூணு நாள் மாத்திரை' என்று பெயர் வைத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இதுதான்.

உலக அளவில் 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர், அது ஒரு காரணமாக இருந்த சாவுகள் 49.5 லட்சம் என்று 2022-இல் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது.

"அட்டையில செவப்புக் கோடு போட்டிருக்கே, அது எதுக்கு?"

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. அட்டையின் இடது பக்கம் மேலிருந்து கீழாக ஓடும். சாதாரண ஆளும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை வைத்தே ஒரு பிரசாரம் நடத்தியது. சிவப்புக் கோடு உள்ள எல்லாமே ஆன்டிபயாடிக் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு பல சீட்டு மருந்துகளிலும் அது உண்டு. ஆனால் ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை என்றால் கோடு இருக்க வேண்டும்.

"சீட்டு இல்லாமத் தர மாட்டேங்கிறீங்க. அடுத்த கடையில தர்றாங்களே?"

தருகிறார்கள், தெரியும். நானும் கொடுத்திருக்கிறேன். முதலில் வேலை பார்த்த கடையில் "வந்த ஆளைத் திருப்பி அனுப்பாதே" என்பதுதான் முதலாளியின் பாடம். அரை அட்டை, கால் அட்டை என்று வெட்டிக் கொடுத்த நாட்களை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஷெட்யூல் எச் பட்டியலில் இருப்பவை, சீட்டு இல்லாமல் விற்பனை கிடையாது. அவற்றில் இன்னும் கவனமாகக் காக்க வேண்டியவற்றைத் தனியாக எடுத்து ஷெட்யூல் எச்1 என்று 2013-இல் அறிவித்தார்கள், 2014 மார்ச் 1 முதல் நடைமுறை. அப்போது மொத்தம் 46 மருந்துகள், ஆன்டிபயாடிக் அல்லாத சில தூக்க, வலி மருந்துகளும் சேர்த்து. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், காச நோய் மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

நம் கடலில் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லாப் படகும் கரையில் நிற்பதால்தான் மீன் முட்டையிட்டுப் பெருகுகிறது. ஒரே ஒரு படகு திருட்டுத்தனமாகப் போனால் மற்றவர்களுக்கு எப்படிக் கொதிக்கும்? சீட்டு இல்லாமல் விற்கிற கடை அந்தப் படகுதான். கேரளாவில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திடீர் சோதனைகள் நடத்தியது. சீட்டு கேட்காத கடைகளைப் பற்றிப் பொதுமக்களும் புகார் சொல்லலாம் என்று அறிவித்தார்கள்.

பென்சிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே எச்சரித்தார்: யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிக் குறைந்த அளவில் சாப்பிடும் காலம் வந்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று. அவர் பயந்த கடை மேசையில்தான் நானும் நின்றிருக்கிறேன்.

"கடலுக்குப் போறவங்க நாங்க. போட்டுல டாக்டரா இருக்காரு? கையோட நாலு மாத்திரை கொண்டு போனா என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. ஒரு ராத்திரி கடலில் தங்கி மறுநாள் கரை திரும்புகிறவருக்கு, போன கேள்வியில் சொன்ன சட்டம் மட்டும் பதில் ஆகாது. படகில் என்னென்ன நடக்கிறது என்பதிலிருந்தே பார்க்கலாம்.

திருக்கை முள் அல்லது கெளுத்தி முள் குத்தினால் முதலில் வருவது விஷத்தின் வலி, தொற்று இல்லை. அந்த நேரத்துக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், சுமார் 40 முதல் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையையோ காலையோ வைத்திருந்தால் வலி நன்றாக இறங்கும். குத்துப்பட்டவருக்குச் சூடு சரியாகத் தெரியாது. அதனால் இன்னொருவர் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் முள் துண்டை எடுக்கலாம். நெஞ்சு, வயிறு, கழுத்தில் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே கரைக்கு வர வேண்டும்.

தூண்டில் கிழித்தது, கம்பி வெட்டியது, பாறையில் உரசியது என்றால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுவதுதான் முதல் மருந்து. குடிக்கக் கொண்டு போகும் கேனிலிருந்து கழுவ மனசு வராது, தெரியும். ஆனாலும் அந்த ஒரு லிட்டர் எந்தக் கேப்சூலையும்விடப் பெரியது. சுத்தத் துணியால் கட்டுங்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் காயத்தில் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கரை வந்ததும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும்.

இப்போது, ஆன்டிபயாடிக் அவசரமாகத் தேவைப்படும் இடம். கடல் தண்ணீரிலும் உப்புக்கழியிலும் விப்ரியோ என்ற பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. அதில் ஒரு வகை காயம் வழியாக உள்ளே போனால் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். கல்லீரல் கெட்டவர்கள், நிறையக் குடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி, மணிக்கு மணி ஏறுகிற வீக்கம், ஊதா நிறக் கொப்புளம், குளிர் காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் வலையை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புங்கள். அங்கே கையிலிருக்கும் நாலு அமாக்சிசிலின் காப்பாற்றாது. அதைச் சாப்பிட்டதால் "மருந்து போட்டாச்சு, காலையில பார்ப்போம்" என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும். பாசி எடுக்கும் பெண்களின் காலில் பாறை வெட்டிய காயத்துக்கும் இதே விதிதான்.

படகுப் பெட்டியில் என்ன வைக்கலாம்? ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், பஞ்சு, கட்டுத்துணி, போவிடோன் அயோடின், ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீர். பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி, யாருக்கு என்ன ஒவ்வாமை என்று கேட்டு, எப்போது எத்தனை என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். அது சீட்டோடு வாங்குகிற மருந்து, அதில் தப்பில்லை.

"அஞ்சு நாளைக்கு எழுதினாங்க, ரெண்டாம் நாளே நல்லாயிருச்சு. நிறுத்திறலாமா?"

நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிய டாக்டரைக் கேளுங்கள். முன்பெல்லாம் நீளமாகக் கொடுத்த பல நோய்களுக்கு இப்போது குறைந்த நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே "எவ்வளவு அதிக நாள் போட்டாலும் நல்லது" என்பதும் சரியில்லை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது அவர் கணக்கு.

காச நோய்க்கு மட்டும் இதில் பேச்சே கிடையாது. சாதாரண காச நோய்க்கே ஆறு மாதம். இரண்டாம் மாதமே இருமல் போய் எடை ஏறிவிடும், அப்போது தடைக்காலம் முடிந்து படகு புறப்படும், மாத்திரை நின்றுவிடும். மறுபடி வரும்போது அது மருந்துக்கு அடங்காத காச நோயாக வரலாம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதே வகையாக ஒட்டலாம். கடலுக்குப் போகிற நாட்களைச் சொன்னால் அதற்குச் சேர்த்து மாத்திரை கொடுக்க வழி இருக்கிறது, கேளுங்கள்.

"மிச்சமிருக்கிற மாத்திரையை மதினிக்குக் குடுக்கலாமா? அவளுக்கும் இதே தொந்தரவுதான்."

வேண்டாம். தொந்தரவு ஒன்றாகத் தெரியலாம், கிருமி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மதினி கர்ப்பமாக இருந்தால், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால், ஆபத்து வேறு. மிச்சத்தைக் கடலிலோ ஊருணியிலோ சாக்கடையிலோ கொட்டவும் வேண்டாம். எங்கள் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வந்து கொடுங்கள், மருத்துவக் கழிவோடு சேர்த்து விடுகிறோம்.

"பிள்ளைக்கு வயித்தால போகுது. போன தடவை குடுத்த சிரப்பையே குடுக்கவா?"

குடுக்காதீர்கள் ஆச்சி. பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகவே நிற்கும். ஆபத்து தண்ணீர் வற்றிப்போவதில் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக, கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நாளைக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். தாய்ப்பால் நிறுத்தக்கூடாது. ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மலத்தில் ரத்தம், கஞ்சித் தண்ணீர் மாதிரி நிற்காமல் போவது, கண் குழி விழுவது, பிள்ளை துவண்டு கிடப்பது, மூத்திரம் போகாமல் இருப்பது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். அதில் சிலவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும்.

"ஊசி போட்டாச் சீக்கிரம் கேக்கும்ல?"

வாயால் சாப்பிட முடிகிறவருக்கு, சாதாரணத் தொற்றில், பெரும்பாலும் மாத்திரையே போதும். ஊசி கடுமையான நோய்க்கும் வாந்தி நிற்காதவருக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு எந்த வழியில் போட்டாலும் பயன் ஒன்றுதான், இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

"குளத்துல இறால் செத்து மிதக்குது. லட்சக்கணக்குல போட்ட பணம். மருந்து போடாம என்ன செய்யச் சொல்றீங்க?"

பண்ணைக்காரர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. விடிவதற்குள் ஒரு குளமே காலியாகி, கடன் வாங்கியவர் கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் குளத்தை அதிகமாகக் காலி செய்கிற வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. 1990-களின் நடுவிலிருந்து நம் நாட்டுப் பண்ணைகளை அது விடவில்லை. இறால் வளராமல் சிறுத்து நிற்க வைக்கும் ஈ.எச்.பி. ஒரு நுண்ணொட்டுண்ணி. இரண்டுக்குமே ஆன்டிபயாடிக் பயன்படாது. அந்த மருந்து மூட்டை வாங்கிய காசு குளத்தில் கொட்டிய காசுதான். விப்ரியோவால் வருவது பாக்டீரியா நோய்தான். ஆனால் அதற்கு மருந்தைத் தீவனத்தில் கலந்தால், தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் விப்ரியோ மொத்தமும் மருந்துக்குப் பழகும். குளத்துத் தண்ணீர் ஓடையில் விழுந்து கடலுக்குத்தான் வரும். அந்தக் கடலில்தான் படகுக்காரர் காயம்பட்ட காலோடு இறங்குகிறார். அவர் கேள்விக்கு மேலே சொன்ன விப்ரியோ குடும்பம்தான் இதுவும்.

கடலோர மீன்வளர்ப்பு ஆணையம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. பண்ணை அதில் பதிவு செய்திருக்க வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை உட்பட ஒரு தடைப்பட்டியலே உண்டு. 2025 மார்ச்சில் மத்திய அரசு இன்னும் ஒரு படி போய், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கென்று இந்த இரண்டையும் தயாரிப்பதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையுமே தடை செய்தது. ஐரோப்பாவுக்குப் போகும் இறாலை அறுவடைக்கு முன்பே கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். அங்கே இறங்கிய பிறகும், 2016 முதல், நம் நாட்டு இறால் சரக்கில் பாதியை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு கன்டெய்னர் திரும்பினால் அடி வாங்குவது ஒரு பண்ணை மட்டும் இல்லை.

அப்புறம் என்ன செய்வது? நோய் இல்லை என்று பி.சி.ஆர். சோதனை செய்து பார்த்த குஞ்சு, ஒரு கல்ச்சர், அதாவது ஒரு வளர்ப்புச் சுற்று, முடிந்ததும் குளத்தை வெடிப்பு விழக் காயப்போடுவது, நெருக்கமாக விடாமல் இருப்பது, நண்டு வேலி, பறவை வலை, ஏரேட்டர் நிற்காமல் பார்ப்பது. இவை பண்ணைக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. இறால் சாகத் தொடங்கினால் கடைக்காரர் நீட்டும் மூட்டையை வாங்கும் முன் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். உவர்நீர் மீன்வளர்ப்புக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

"அப்ப நாங்க சாப்பிடுற மீன்லயும் அது இருக்குமா?"

கடலில் வலை போட்டுப் பிடித்த மீனுக்கு யாரும் மருந்து ஊட்டுவதில்லை. கேள்வி வளர்ப்பு மீன், இறால், கோழிக்குத்தான். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் நைட்ரோஃப்யூரான் மாதிரி மருந்துகளின் மிச்சம் சமையலில் போகாது. வீட்டில் செய்யக்கூடிய தீர்வு இதற்கு இல்லை, பண்ணையிலேயே நிறுத்தினால்தான் உண்டு.

"ஆடு கோழிக்குப் போடுறதுலயுமா இவ்வளவு இருக்கு?"

இருக்கிறது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து, வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுப்பது. அதைக் கோழிகள் சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் உணவுப் பிராணிகளுக்கு அதை அரசு தடை செய்தது. இந்த விஷயத்தில் அரசு எடுத்த முடிவுகளில் ரொம்ப நல்ல முடிவு என்று இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் ஆடோ மாடோ நோயில் விழுந்தால் கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தைப் போடத்தான் வேண்டும். மருந்து நின்ற பிறகு எத்தனை நாள் பாலைக் கறந்து கீழே ஊற்ற வேண்டும், எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்று மறக்காமல் கேளுங்கள். மனுசனுக்கு எழுதிய மாத்திரையைப் பொடித்து ஆட்டுக்குக் கொடுப்பது ரெண்டு பேருக்கும் கெடுதல்.

"கல்ச்சர் டெஸ்ட் எடுக்கணும்னாங்க. மூணு நாள் ஆகுமாம். அதுக்குள்ள நல்ல மருந்தா எழுதக்கூடாதா?"

இந்தக் கல்ச்சர் பண்ணைக் கல்ச்சர் இல்லை. மூத்திரம், சீழ், ரத்தம் எதுவோ அதை எடுத்துக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பது. கிருமி வளர நேரம் வேண்டும். நோய் கடுமையாக இருந்தால் டாக்டர் அதற்குள் ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் மாற்றுவார். அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள்.

'நல்ல மருந்து' என்றால் விலை கூடிய மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, கண்காணித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று வைக்க வேண்டியவை. பழைய அமாக்சிசிலின் முதல் கூடை. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இரண்டாவது. கொலிஸ்டின் மூன்றாவது. 2024 செப்டம்பரில் ஐ.நா. சபையில் கூடிய நாடுகள், மனிதர்களுக்குக் கொடுப்பதில் 70 சதவீதமாவது முதல் கூடையிலிருந்து இருக்க வேண்டும் என்று 2030-க்கு இலக்கு வைத்தன.

"டாக்டரே சும்மா சும்மா எழுதுறாரு. அவரை யாரு கேக்குறது?"

நீங்களே கேட்கலாம். "ஐயா, இது பாக்டீரியாவா வைரஸா? ஆன்டிபயாடிக் கட்டாயம் வேணுமா? ரெண்டு நாள் பார்த்துட்டு வரவா?" என்று மரியாதையாகக் கேட்டால் கோபப்படுகிற டாக்டர் குறைவு. டாக்டர்கள் பக்கமும் சொல்ல வேண்டும்: மருந்து எழுதாமல் அனுப்பினால் "கைராசி இல்லை" என்று பேசுவது நாம்தான்.

2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எழுதியது: ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று. மருந்தாளுநர் சங்கங்களுக்கும் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்று கடிதம் வந்தது. காரணம் எழுதிய சீட்டுகள் என் கைக்கு வருவது இன்னும் அபூர்வம்தான்.

"அரசாங்கம் இதுக்குன்னு என்னதான் பண்ணுது?"

2010-இல் என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணு பற்றி ஒரு ஆய்வு வந்தது. சென்னை மாதிரிகளும் அதில் இருந்தன. அந்தப் பெயரில் வரும் 'என்டி' நியூ டெல்லியைக் குறிப்பது, அப்படிப் பெயர் வைத்ததற்காக நாட்டில் பெரிய கோபம். ஆனால் அதன் பிறகுதான் வேகம் வந்தது. 2011-இல் தேசியக் கொள்கை, 2012 ஆகஸ்டில் மருத்துவ சங்கங்கள் கூடிப் போட்ட சென்னைப் பிரகடனம், 2017 ஏப்ரலில் முதல் தேசியச் செயல் திட்டம், 2025 நவம்பரில் 2029 வரைக்குமான இரண்டாவது திட்டம். இடையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவை ஆஸ்பத்திரிகளின் கல்ச்சர் முடிவுகளைத் திரட்டி எந்த மருந்து எங்கே தோற்கிறது என்று பார்க்கின்றன. 2025 டிசம்பர் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரும் இதைப் பேசினார்.

சென்னைப் பிரகடனத்தின் நிலைப்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு முன்பு பேசப்பட்ட விதிகள் இன்னும் கடுமையானவை. டாக்டரே இல்லாத ஊர்களில் ஒரே நாளில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் அடைத்தால் நிமோனியா வந்த குழந்தைக்கு மருந்தே கிடைக்காது என்ற கவலை எழுந்தது. காகிதத்தில் முழுமையாக இருப்பதைவிட நடக்கக்கூடியதைச் செய்வோம் என்றது பிரகடனம். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் எச்1 பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறதைப் பார்க்கும்போது அந்தக் கவலைதான் என் ஞாபகத்துக்கு வரும். நம் படகுக்காரர் கேட்ட கேள்வியைத்தான் தில்லியிலும் கேட்டிருக்கிறார்கள்.

"புது மருந்து கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?"

சில வருகின்றன. சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் என்ற மருந்து, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, 2024-இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அனுமதி பெற்றது. நம் ஊர் மூளைக்கு அது பெருமை. ஆனால் வருகிறவை ரொம்பக் குறைவு. சர்க்கரை மாத்திரை வாழ்நாள் முழுக்க விற்கும், ஆன்டிபயாடிக் ஐந்து நாள். அதுவும் புதியதாக இருந்தால் கடைசிக்கென்று பூட்டி வைக்கிறோம். லாபம் இல்லை என்று பெரிய கம்பெனிகள் பல இதை விட்டே போய்விட்டன.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. மெடிக்கலுக்கு வந்தா அஞ்சு நிமிசம். எங்களை மாதிரி ஆளுக்கு என்னதான் வழி?"

இருப்பதிலேயே எனக்குக் கடினமான கேள்வி இது. மேலே எழுதிய எல்லாமே டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் நியாயம். சீட்டு கேட்கிற நான், சீட்டு கிடைக்கும் வழியையும் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு இருப்பவை இவை. அரசு சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போட்டால் என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்று சொல்வார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவையில் போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம், பேரப்பிள்ளைகளைக் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். நிமோனியாவா வெறும் சளியா என்று மூச்சை எண்ணிப் பார்க்க அவருக்குப் பயிற்சி உண்டு. மூச்சுத் திணறல், விப்ரியோ அறிகுறி என்றால் யோசிக்காமல் 108.

போதாததும் ஒன்று இருக்கிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது. அந்த நேரம் படகு கரைக்கு வந்து மீன் இறக்குகிற நேரம், பெண்கள் ஏலக் கூடத்தில் நிற்கிற நேரம். கரை திரும்பும் நாட்களிலாவது மாலையில் ஒரு மருத்துவக் குழு இறங்குதளத்துக்கு வர வேண்டும் என்று, சுற்றியுள்ள நாலு ஊர்த் தலைவர்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். அன்றைக்குக் கடலுக்குப் போகாதவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள், போகிறவர்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்.